ஐந்து சரி, ஆறாவது?

ஒரு பெரிய எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அது பகா எண்ணா, பகு எண்ணா என்று சொல்லிவிட முடியாது. 4,29,49,67,297-ஐ எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை எண். இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. ஆகவே 3-ஆல் வகுபடாது. 7-இல் முடிவதால் 5-ஆலும் வகுபடாது. 7, 11, 13 என்று தொடர்ந்தாலும் மீதி வந்துகொண்டே இருக்கும்.

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது இந்த எண். அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசையில் மேலும் வருபவையும் அப்படித்தான் இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பியர் டி ஃபெர்மா நம்பினார். ஆறாவதாக வருவது நம் எண்.

1729-இல் கணிதவியலாளர் கோல்ட்பாக் எழுதிய கடிதம் இந்தக் கேள்வியை இன்னொரு கணிதவியலாளரான ஆய்லரிடம் கொண்டு சேர்த்தது. 1732-இல் ஆய்லர் விடை சொன்னார்: 641 × 67,00,417. ஃபெர்மாவின் கணிப்பு பொய்த்தது.

வெறுமனே வகுத்துத் தேடினால், வர்க்கமூலமான சுமார் 65,536 வரை உள்ள 6,542 பகா எண்களையும் சோதிக்க நேரலாம். ஆய்லர் பின்னாளில் நிறுவிய உண்மை இந்தச் சுமையைக் குறைக்கிறது. இந்த எண்ணின் எந்தக் காரணியை 64-ஆல் வகுத்தாலும் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரும். ஐந்தாவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது!

641 ஏன் வகுக்கிறது என்பது இன்னும் அழகு. 641 = 5 × 2⁷ + 1; அதுவே 5⁴ + 2⁴. 641-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்த்தால், முதல் சமன்பாட்டின்படி 5 × 2⁷-க்குப் பதில் −1 என்று எழுதலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவது சமன்பாட்டின்படி 5⁴-க்குப் பதில் −2⁴ என்று வைத்தால், −2³²-இன் மீதியும் 1. ஆகவே 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

காரணியே தெரியாமலும் இதைப் பகு எண் என்று காட்டலாம். 65,536² + 1² என்றும், 62,264² + 20,449² என்றும் இரு வழிகளில் இதை வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும். பகா எண் ஒன்றை அப்படி எழுத முடிந்தால், ஒரே ஒரு வழியில்தான் முடியும்.

ஃபெர்மாவின் வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை. இனி ஒன்றும் இல்லை என்று யாரும் நிறுவவும் இல்லை. எடுத்துக்காட்டுகள் எத்தனை அடுக்கினாலும் அவை நிறுவல் ஆகா. கணித வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர இந்த ஓர் எண் போதும்.