உங்களுக்குத் தெரியுமா? 27 லட்சம் பேருக்கு வசிப்புரிமை தந்த சட்டம்

அமெரிக்காவில் ஆவணமின்றி வாழ்ந்த சுமார் 27 லட்சம் பேர் நிரந்தர வசிப்புரிமை பெற வழிசெய்த சட்டத்தில் கையெழுத்திட்டவர், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் ரொனால்ட் ரீகன். நாள்: 1986 நவம்பர் 6.

1982 ஜனவரி 1-க்கு முன்பே வந்து தொடர்ந்து வசித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றது அச்சட்டம். குறைந்தது 90 நாள் வயல்வேலை செய்த விவசாயத் தொழிலாளர்களுக்குத் தனி வழி இருந்தது. அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே வேலை கொடுப்பதை நாடு முழுவதும் முதன்முறையாகச் சட்டவிரோதமாக்கியதும் இதே சட்டம்தான்.

ஆனால் போலி ஆவணங்கள் பெருகின. ஆவணமற்றோர் எண்ணிக்கை பின்னாளில் 1 கோடியைத் தாண்டியது. இத்தகைய பொதுமன்னிப்பு புதியவர்களை வரவழைக்கிறது என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். உழைப்பாளிகள் முறைப்படி வரப் போதிய விசாக்கள் இல்லாததே காரணம் என்கிறார்கள் ஆதரிப்பவர்கள்.

2013-ல் இதேபோன்ற இன்னொரு மசோதா செனட்டில் 68-32 என நிறைவேறியது. பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.

நீண்டகாலம் வசிப்பவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை பெற 1929 முதல் வேறொரு வழியும் உண்டு. அதற்கு 1972 ஜனவரி 1-க்கு முன் வந்திருக்க வேண்டும். 1986-ல் நிர்ணயித்த அந்தத் தேதி அதன்பின் மாற்றப்படவே இல்லை. 40 ஆண்டு உழைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்தவருக்கும் அதனால் பயனில்லை.