பாட்டு கேட்க ஒரு செட்டு

1980களில் ரெக்கார்டிங் சென்டர் இல்லாத கடைத்தெருவைப் பார்ப்பது அரிது. கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியலை எழுதி, ஒரு டிடிகே அல்லது மெல்ட்ராக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வருவோம். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு, மிஞ்சினால் ஏழு. கடைசியில் இரண்டு நிமிடம் மீதமிருந்தால் கடைக்காரரே ஏதாவது தீம் மியூசிக்கைப் போட்டு நிரப்பிவிடுவார். எல்பி தட்டைத் துடைத்து, ஊசியை வைத்து, ஒவ்வொரு பாட்டையும் முழுதாக ஓடவிட்டுப் பதிய வேண்டும் என்பதால் கைக்கு வரச் சில நாள் ஆகும். "அண்ணே, பாஸ் கொஞ்சம் தூக்கி வைங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. கைப்பக்குவம் உள்ள கடைக்காரர் அதைக் கேட்டுக்கொள்வார். ஆனால் ஈக்வலைசரைத் தன் காதை நம்பித்தான் திருப்புவார். அப்படிப்பட்ட கடையைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிப் போனார்கள்.

செட்டு மேல் ஆசை வந்தது அதற்கப்புறம்தான். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ யாராவது கொண்டுவந்த, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன்னில் பாட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். ஆனால் அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குள் பாட்டு முழுதாக இருக்காது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி எழுப்பும் அடிநாதம் சுமார் 41 ஹெர்ட்ஸ். நாலு அங்குல ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்க முடியாது. 1980இல் வந்த 'மூடுபனி'யில் யேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டைப் பெரிய ஊஃபர் உள்ள பெட்டியில் முதன்முதலாகக் கேட்டவர்களுக்கு இது புரிந்திருக்கும். குரலுக்குக் கீழே பேஸ் கிட்டார் தன் போக்கில் இன்னொரு மெட்டைக் கட்டிக்கொண்டே போகிறது. இத்தனை நாள் கேட்ட பாட்டில் இது எங்கே இருந்தது என்ற தவிப்புதான் பலரைச் சென்னை ரிச்சி தெருவுக்குத் துரத்தியது. ஐசி போர்டு வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, ஆம்ப்ளிஃபயரைத் தாங்களே பற்றவைத்தார்கள். மரப்பெட்டிக்குக் காசில்லாதவர்கள் மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தினார்கள். பானைக்குள் அடைபட்ட காற்று அடிநாதத்துக்கு ஒரு முழக்கம் கொடுத்தது. அறிவியல் அளவுகோலில் அது சரியான ஒலி அல்ல, ஆனால் அதைக் கட்டியவர் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்றே கட்டினார். ஹாலில் பூவேலைத் துணி போர்த்தி, விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கப்பட்ட செட்டுகளும் இருக்கத்தான் செய்தன. பெருமைக்கு வாங்குவது இந்தத் தலைமுறையில் தொடங்கிய பழக்கம் இல்லை.

இன்று ஒரு ஹைஃபை கடையின் கேட்பறைக்குள் போய்ப் பாருங்கள். சுவரெல்லாம் ஒலி உறிஞ்சும் பலகை, நடுவில் ஒரே ஒரு நாற்காலி. ஈகிள்ஸ் குழு 1994இல் மேடையில் வாசித்த 'ஹோட்டல் கலிஃபோர்னியா' ஓடும். தொடக்கத்துக் கிட்டாரும் அந்த முரசடியும் வந்து போனதும், பாட வாய் திறப்பதற்குள் நிறுத்திவிட்டு வேறு ஆம்ப்ளிஃபயரை மாட்டுகிறார்கள். மறுபடி அதே முரசடி. பாட்டு இங்கே உரைகல், அவ்வளவுதான். கேபிளை மாற்றினால் ஒலிமேடை அகலமாகிறதா, நூறு மணி நேரம் ஓடவிட்டால் இயர்போன் பழுக்குமா என்பதில் போகும் நேரத்தில் ஓர் ஆல்பத்தை முழுதாகக் கேட்டுவிடலாம். எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

இத்தனை நுணுக்கத்தையும் காது உண்மையில் பிடிக்கிறதா? 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் நடத்திய சோதனையின் முடிவு வெளியானது. உயர்தர டிஸ்கின் ஒலியை நடுவில் சாதாரண சிடி தரத்துக்கு இறக்கிக் கேட்கவைத்தார்கள். வழக்கமான சத்தத்தில், கேட்டவர்களால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2022இல் இன்னொன்று வெளிப்பட்டது. அனலாக் தட்டுகளுக்குப் பேர்போன மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனம், பல ஆண்டுகளாகப் பல தட்டுகளை வெட்டும் வழியில் டிஜிட்டல் படி ஒன்றைச் சேர்த்திருந்ததை ஒப்புக்கொண்டது. கலப்பில்லாத அனலாக் என்று நம்பி அவற்றைக் கொண்டாடியவர்களில் பழுத்த ரசிகர்களும் இருந்தார்கள். தட்டுகள் நன்றாகவே ஒலித்தன, ஏமாற்றியது விளம்பரம்.

அன்று பாட்டு தட்டில் நன்றாக இருந்தது, வீட்டில் செட்டு போதவில்லை. இன்று சில ஆயிரம் ரூபாய் இயர்போனே அன்றைய ஹால் செட்டை மிஞ்சுகிறது; குறை பாட்டின் பிரதிக்கு இடம் மாறிவிட்டது. இணையத்தில் கேட்கக் கிடைக்கும் 80களின் தமிழ்ப் பாடல்களில் எத்தனை, இரைச்சலைச் சுரண்டும்போது வயலினின் மினுமினுப்பையும் சேர்த்துச் சுரண்டியவை, சத்தத்தைக் கூட்டிக் கூட்டித் தபேலாவின் துள்ளலை நசுக்கியவை! அப்படிப்பட்ட பிரதியை லட்ச ரூபாய்ச் செட்டில் போட்டால் அதன் காயம்தான் பெரிதாகத் தெரியும்.

செட்டா, பாட்டா என்று கேட்டால் நான் பார்ப்பது ஒருவர் காசை எங்கே செலவழிக்கிறார் என்பதையே. அடுத்த கேபிளுக்குச் சேர்ப்பவர் ஒரு வகை. பழைய எல்பிக்காக அலைந்து, வந்ததும் அதைக் கழுவி உலர்த்தி, 24 பிட்டில் கணினிக்கு ஏற்றி, இணையப் பிரதியில் வெட்டுப்பட்ட முன்னிசை இதில் முழுதாக இருக்கிறதா என்று சரிபார்ப்பவர் இன்னொரு வகை. அவர் கையிலும் விலையுயர்ந்த ஊசியும் நல்ல ஆம்ப்ளிஃபயரும் இருக்கும். அந்த ரெக்கார்டிங் சென்டர் அண்ணனின் வாரிசு அவர்தான்.

ஆனால் இசை நிறுவனம் செய்ய வேண்டியதைத் தனி ஆள் எவ்வளவு நாள் செய்வார்? இந்தப் பாட்டு மாஸ்டர் டேப்பிலிருந்து எடுத்ததா, எல்பியிலிருந்தா, கேசட்டிலிருந்தா என்று ஒவ்வொரு ஆல்பத்தின் கீழும் ஒரு வரி போடட்டும். உயர்தரம் என்று சொல்லும் 'ஹை ரெஸ்' முத்திரையை அதற்கப்புறம் குத்திக்கொள்ளட்டும்.