மாங்கொட்டையில் ஒரு மொபைல்... சார்ஜ் வேண்டாம், காத்து போதும்!

உங்கள் கையில் இருக்கிற மொபைலைச் சொல்லவில்லை. மேலே தொங்கிக்கொண்டு, காற்று பட்டால் மெதுவாகச் சுற்றுகிற சிற்பத்துக்கும் மொபைல் என்றுதான் பெயர். அமெரிக்கச் சிற்பி அலெக்ஸாண்டர் கால்டரின் அசையும் படைப்புகளுக்கு 1931-ல் மார்செல் துஷாம்ப் என்ற கலைஞர் வைத்த பெயர் அது. கால்டர் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். நம்ம நாட்டு கனெக்‌ஷனும் உண்டு. 1955-ல் சாராபாய் குடும்பத்தின் அழைப்பில் அகமதாபாத் வந்தவர், அங்கேயே தங்கி மொபைல்கள் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

அவருக்குத் தகரமும் கம்பியும் தேவைப்பட்டன. பெரியகுளத்தில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் அதெல்லாம் வேண்டாம். மாந்தோப்பு ஊராச்சே! காய்ந்த மாங்கொட்டை, இலவங்காய் ஓடு, சருகு, ஈர்க்குச்சி போதும். செலவு நூல்கண்டுக்கு மட்டும்தான்.

செலவைப் பற்றிப் பேசக் காரணம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஓவியம் போன்ற பாடங்களுக்கு 2012-ல் நியமிக்கப்பட்ட பகுதி நேர ஆசிரியர்களுக்கு அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். வேலை, வாரத்தில் மூன்று அரை நாள். பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காகப் போராடியவர்கள் அவர்கள். கலர் பேப்பரையும் சொந்தக் காசில் வாங்கி வரச் சொல்வது என்ன நியாயம்?

சரி, கட்டலாம். எப்போதும் கீழிருந்து மேலே. முதலில் ஒரு ஈர்க்குச்சி. ஒரு முனையில் சருகு, மறுமுனையில் இலவங்காய் ஓட்டுத் துண்டு. குச்சியின் நடுவில் நூலைக் கட்டித் தூக்கினால் ஓட்டுப் பக்கம் சாயும். முடிச்சைக் கனமான பக்கமாக நகர்த்தச் சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால், ஓரிடத்தில் குச்சி நேராக நின்றுவிடும். "எனக்கு வரையவே வராது சார்" என்று கடைசி பெஞ்சில் ஒளிகிற பிள்ளைக்கும் இது வரும்.

கணக்கு இதுதான். 30 செ.மீ. குச்சி, ஒரு முனையில் 10 கிராம், மறுமுனையில் 5 கிராம் என்றால், முடிச்சு 10 கிராமிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். 10 × 10, 5 × 20. இரண்டும் 100. ஆனால், கட்டிப் பார்த்தால் முடிச்சு இன்னும் கொஞ்சம் நடுப்பக்கம் வரும். ஏன்? குச்சிக்கும் எடை இருக்கே! இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இப்போது இந்த மொத்தத் தொங்கலும் ஒரே எடை. அதை இன்னும் நீளமான குச்சியின் ஒரு முனையில் மாட்டி, எதிர்முனையில் மாங்கொட்டையைக் கட்டுங்கள். இங்கே ஈர்க்குச்சி வளையும், மூங்கில் குச்சிதான் சரி. கீழ்க்குச்சி முழுசாகச் சுற்றும்போது எதிலும் இடிக்காத அளவுக்கு இடைவெளி விடணும்.

முக்கியமான எச்சரிக்கை: பச்சை மாவிலை அழகாகத்தான் இருக்கும். ஆனால் காயக் காய எடை குறைந்து, இன்று நேராக நிற்பது இரண்டு நாளில் சாய்ந்துவிடும். சருகுதான் பாதுகாப்பு. முடிச்சில் ஃபெவிகாலும் கடைசியில்தான்.

ஜன்னல் பக்கம் மாட்டுங்கள். ஆடிக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். சீலிங் ஃபேன் மட்டும் வேண்டாம், நூல் சிக்கிவிடும். அப்படியே சிக்கினாலும், எடுத்துவிட நாலு பேர் பெஞ்ச் மேல் ஏறி நிற்பார்கள்.