முன்சக்கரம் உண்மையில் இழுக்கிறதா?
பழைய ஃபோர்வீல் டிராக்டரின் கோளாறு அறியும் முறை

மலர்க் குழுவினர் இவ்வாண்டு உழவைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். இலக்கியத்தில் உழவு பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பேரிங்கும் ஆயில் சீலும் விற்று வரும் எனக்குத் தெரிந்த உழவு வேறு. அதையே எழுதுகிறேன்.

டிராக்டர் என்னும் சொல் 'இழுத்தல்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. சாதாரண டிராக்டரில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். ஃபோர்வீல் வண்டியில் கியர்பெட்டியிலிருந்து ஒரு ஷாஃப்ட் முன்னே ஓடி, முன் டிப்ரன்சியலைச் சுழற்றி, முன்சக்கரங்களையும் இழுக்க வைக்கிறது. நம் பக்கத்தில் இதற்கு இரண்டு வேலை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு வயல்களில் சேற்றுழவு. இடுக்கியில் மறையூர், காந்தளூர்ச் சரிவுகளில் பாரத்தோடு ஏறி இறங்குவது.

சில வருஷங்களுக்கு முன், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர் கடைக்கு வந்தார். செகண்ட்ஹேண்டாக வாங்கிய பழைய வண்டி. "ஏனுங்க நைனார், ஃபோர்வீல் போட்டா முன்னால கறகறன்னு சத்தம், லீவரைப் போட்டா திரும்ப எடுக்கவே வர மாட்டேங்குது. மெக்கானிக் கிரௌன் பினியன் போச்சுங்கறாரு" என்றார். நானும் ஒன்றும் கேட்காமல் ஒரு செட்டை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கிப் போட்டேன். முன் ஆக்சிலைப் பிரித்தார்கள். உள்ளே பழைய செட் பழுதில்லாமல் இருந்தது. புதியதை மாட்டியும் சத்தம் போகவில்லை. அதற்குள் அவருடைய முறைத் தண்ணீர் கடந்துவிட்டது. நாற்று முற்றிப் போயிற்று. பிறகுதான் தெரிந்தது: சேற்றில் புதையாமல் இருக்கட்டும் என்று முன்னால் ஒரு அளவு பெரிய டயர் போட்டிருந்தார். பின் டயரோ தேய்ந்து வழுக்கை. விற்ற சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் பலகை மாட்டியிருந்தேன்; அன்று எடுத்துக்கொண்டேன். தண்ணீரை என்னால் திருப்பித் தர முடியுமா? அதன் பிறகு யார் கிரௌன் பினியன் கேட்டு வந்தாலும் முதலில் ஒரு சாக்பீஸைத்தான் கையில் கொடுக்கிறேன்.

அந்தச் சாக்பீஸ் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரியது. பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் முன்சக்கரம் எத்தனை சுற்ற வேண்டும் என்பதை உள்ளேயிருக்கும் பற்கள் முடிவு செய்கின்றன. முன்சக்கரம் சற்றே முந்திச் சுழலும்படி, பொதுவாக நூற்றுக்கு 1 முதல் 5 பங்கு வரை, அதை அமைத்திருப்பார்கள். இறுகிய சமதரையில் முன் டயரிலும் பின் டயரிலும் கோடு போடுங்கள். ஃபோர்வீலை எடுத்துவிட்டு மெதுவாக நேரே ஓட்டி, பின்சக்கரம் 10 சுற்று வருவதற்குள் முன்சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். மிச்சம் வரும் அரைகுறைச் சுற்றுக்கு டயரின் ரப்பர் கட்டைகளை எண்ணிக்கொள்ளலாம். பிறகு ஃபோர்வீலைப் போட்டு அதே 10 சுற்று.

எடுத்தபோது 14, போட்டபோது 14.4 என்றால் வித்தியாசம் 0.4, அதை 14-ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 3. வண்டி சுகம். நம்மவர் வண்டியில் எடுத்தபோது 13.2, போட்டபோது 14.4; நூற்றுக்கு 9. கவனியுங்கள், 14.4 மாறவில்லை. அது பற்களின் கணக்கு. மாறுவது டயரின் கணக்கு மட்டுமே. பெரிய டயர் போகவேண்டிய தூரத்துக்கு மேல் சுழலும்படி பற்கள் அதைத் தள்ளின. தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டது. லீவர் இறுகியதும் அதனால்தான். (இப்படி இறுகினால் சுத்தியலால் தட்டாதீர்கள், வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் முறுக்கு விடும்.) முன் டயர் தேய்ந்து பின் டயர் புதிதானால் கணக்கு மைனஸில் போகும். அதுவும் ஆகாது. டயரை மாற்றுமுன் காற்றைச் சரிபாருங்கள்.

இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தால் அநேகமாக முன்சக்கரத்துக்கு இழுவை போய்ச் சேரவில்லை. எங்கே அறுந்தது என்பதற்கு எஞ்சினை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலைத் தூக்கிக் கனமான மரக்கட்டை மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. லீவரைப் போட்டு ஒரு முன்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றி, ஷாஃப்ட் அசையாமல் நின்றால் எல்லாம் நலம். ஷாஃப்டும் சேர்ந்து சுற்றினால் கோளாறு முன் ஆக்சிலில் இல்லை. லீவர் இணைப்பு, ஃபோர்க், ஷாஃப்டின் தேய்ந்த ஸ்ப்ளைன் இவற்றில் ஒன்று. லீவர் கம்பியைத் திருகிச் சரிசெய்தாலே தீர்ந்த வண்டிகள் உண்டு. ஷாஃப்ட் நின்று, மற்றச் சக்கரமும் நின்று, கையிலுள்ள சக்கரம் மட்டும் சுற்றினால்தான் ஆக்சிலைப் பிரிக்கும் செலவு. தானே பூட்டிக்கொள்ளும் டிப்ரன்சியல் உள்ள பெரிய வண்டிகளில் இந்தச் சோதனை இறுக்கமாக இருக்கும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபோர்வீலை எடுத்த பிறகும் சத்தம் வந்தால் முன் ஆக்சில் குற்றமற்றது என்று நினைக்க வேண்டாம். வண்டி உருளும்போது சக்கரங்கள் டிப்ரன்சியலைச் சுழற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துணுக்கு வந்தால் பேரிங்கோ பல்லோ போகிறது. நம் வயல்களில் கோளாறு பெரும்பாலும் ஒரு சின்ன சீலில்தான் ஆரம்பம்.

மலைக்காரர்களுக்கு இது வெறும் செலவுக் கணக்கல்ல. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. ஃபோர்வீல் போட்டிருந்தால் அந்தப் பிடி ஷாஃப்ட் வழியாக முன்சக்கரங்களுக்கும் போகிறது. லீவர் போட்டும் உள்ளே பல் கோக்காத வண்டி மறையூர் இறக்கத்தில் டிரெய்லரோடு வந்தால், ஓட்டுகிறவர் நான்கு சக்கரமும் பிடிக்கும் என்று நம்பி இரண்டு சக்கரத்தில் வருகிறார். எனவே சாக்பீஸ் சோதனையைச் சமதரையிலேயே முடித்துக்கொண்டு, இறக்கம் தொடங்குமுன் வண்டியை நிறுத்தி, ஃபோர்வீலும் சின்ன கியரும் போட்டு, இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டி இறங்குங்கள். பாதிச் சரிவில் கியர் மாற்ற வேண்டாம்.