கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கான ஆதரவு (விருதுநகர் மாவட்டம்)

கற்றல் குறைபாடு என்பது, போதிய அறிவுத்திறன் இருந்தும் படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றில் தொடர்ந்து இடர்ப்பாடு ஏற்படும் நிலையாகும். இவை முறையே டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா எனப்படுகின்றன. இது மூளை செயல்படும் விதம் சார்ந்தது. சோம்பலாலோ பெற்றோரின் வளர்ப்பாலோ வருவதன்று. அறிவுத்திறன் குறைபாடு இதிலிருந்து வேறானது. இரண்டிற்கும் கிடைக்கும் அரசு உதவிகளும் வேறுபடுகின்றன.

பின்னணி

விருதுநகர் மாவட்டம் 1985-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இதில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்கள் பரவியுள்ளன. பல குடும்பங்களில் தாய், தந்தை இருவருமே ஆலைக்குச் செல்கின்றனர். செய்து முடிக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுவோருக்கு, குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பாகும்.

இப்பகுதியில் முற்காலத்தில் பல சிறுவர்கள் பள்ளியை விட்டுத் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குச் சென்றனர். சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. விதிமீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நல நிதியில் செலுத்த வேண்டும். குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு முயல வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. பெற்றோரின் பிழைப்பு உறுதியானால்தான் பிள்ளையின் படிப்பு நிலைக்கும் என்பதே இதன் அடிப்படை. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம், 14 வயது நிறைவடைந்து 18 வயதுக்குட்பட்டோரையும் வெடிபொருள் போன்ற அபாயத் தொழில்களில் ஈடுபடுத்தத் தடை விதிக்கிறது. எனவே, "படிப்பு ஏறவில்லை" என்று ஒதுக்கப்படும் பிள்ளையைப் பள்ளியிலேயே தக்கவைப்பது இங்கு மிக முக்கியமாகிறது.

கண்டறிதல்

எழுத்துகளை மாற்றி எழுதுதல், குறில் நெடில் குழப்பம், கரும்பலகையைப் பார்த்து எழுதத் திணறுதல், வாய்மொழியாகச் சரியாகச் சொல்லியும் தாளில் எழுத இயலாமை ஆகியவை தொடர்ந்து காணப்பட்டால் சோதனை தேவை. முதலில் பார்வையும் செவித்திறனும் சோதிக்கப்படும். பின்னர் நுண்ணறிவுச் சோதனையும் கற்றல் திறன் சோதனையும் நடைபெறும். 2018-ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளின்படி, எட்டு வயது முதல் சான்றிதழ் வழங்கப்பட்டு, 14, 18 வயதுகளில் மறுமதிப்பீடு செய்யப்பட்டது. ஆனால் உதவியைத் தொடங்க எட்டு வயது வரை காத்திருக்கத் தேவையில்லை.

சட்டமும் சலுகைகளும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்டுள்ள 21 வகைக் குறைபாடுகளுள் கற்றல் குறைபாடும் ஒன்று. ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிக்கும் பெற்றோரையும் குடும்பத்தினரையும் இச்சட்டம் "பராமரிப்பாளர்" என்று வரையறுக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது. மருத்துவச் சான்றிதழுடன் தலைமையாசிரியர் வழியாக முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. கற்றல் குறைபாடு மட்டுமே உள்ள பிள்ளைகள் இத்திட்டத்தில் அடங்குவதில்லை. கூலி இழக்கும் பெற்றோருக்கு இது ஒரு பெரிய இடைவெளியாகும்.

பெற்றோருக்குத் தேவையான ஆதரவு

பணத்தைப் போலவே நேரமும் இப்பெற்றோருக்கு முக்கியத் தேவையாகும். சோதனைகளை ஒரே நாளில் முடித்தல், ஆலை விடுமுறை நாளில் முகாம் நடத்துதல், ஆசிரியர் பெற்றோரை மாலையில் சந்தித்தல் ஆகியவை கூலி இழப்பைக் குறைக்கும். வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் வீட்டில் செய்யக்கூடிய எளிய பயிற்சிகளைக் கற்றுத்தரலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் எழுத்தை மணலில் வரையச் செய்தல், தீக்குச்சிகளை அடுக்கி எண்ணச் செய்தல், கதை சொல்லித் திரும்பச் சொல்லச் செய்தல் ஆகியவற்றின் மூலம் உதவ முடியும்.

அக்கம்பக்கத்தார் பேச்சாலும், "நம்மால்தான் இப்படி" என்ற குற்றவுணர்வாலும் பெற்றோர் தளர்வதுண்டு. ஒரே நிலையிலுள்ள குடும்பங்கள் சந்தித்துப் பேசுவது இதற்குத் துணை செய்யும். சென்னையிலுள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம், இத்தகைய பெற்றோர் சிலர் ஒன்றுகூடியதால் 1990-களின் தொடக்கத்தில் உருவானதாகும். விருதுநகர் மாவட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இத்தகைய சந்திப்புகளுக்கு இடமளிக்கலாம்.