இறுவட்டு ஏன் தயங்குகின்றது?

மாத்தளை மாவட்டத்தில், நகரத்து வீடுகளிலாயினும் தோட்டப்புறத்துப் பாடசாலைகளிலாயினும், அலுமாரியைத் திறந்தால் ஒரு கட்டு இறுவட்டுகள் கிடைப்பது இன்றும் அரிதன்று. திருமணக் காட்சி, தமிழ்த் தினப் போட்டி, மறைந்த பாட்டனாரின் குரல் எனப் பல நினைவுகள் அவற்றில் தங்கியுள்ளன. அவற்றுள் ஒன்றை மடிக்கணினியில் இட்டதும் கருவி உறுமுகின்றது, ஓய்கின்றது, மீண்டும் உறுமுகின்றது. ஐந்து நிமிடம் சென்றும் படம் தோன்றுவதில்லை. கருவி பழையதாகிவிட்டது என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்பு எப்பொழுதும் சரியானதன்று.

பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் கூடி ஆக்கிய இறுவட்டு 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அத்தட்டில், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒரே சுருள்வழியாகச் செய்தி பதியப்படுகின்றது. அவ்வழியை நேராக நீட்டினால் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் செல்லும். லேசர்க் கதிர் தட்டின்மேல் விழுந்து தெறித்து மீளும்போது, அதன் ஏற்றத்தாழ்வைக் கொண்டு கருவி செய்தியை அறிகின்றது.

தட்டில் அழுக்கோ கீறலோ இருப்பின், தெறிக்கும் ஒளி மங்குகின்றது. சிறு பிழைகளைக் கருவி கணித முறையால் தானே திருத்திக்கொள்ளும். திருத்த இயலாதவிடத்து, சுழற்சியைக் குறைத்து, அதே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். மங்கிய எழுத்தைக் கண்ட மாணவன் விரல் வைத்து எழுத்துக் கூட்டுவது போன்றதே இது. ஆகவே, இத்தாமதம் சோம்பலன்று, முயற்சி.

குறை தட்டிலா, கருவியிலா என்பதை முதலில் அறிதல் வேண்டும். கீறலற்ற வேறொரு தட்டை இட்டுப் பார்க்கலாம். அது விரைவாக வாசிக்கப்படின், குறை முந்திய தட்டினுடையது. எல்லாத் தட்டுகளும் தயங்கினால், கருவியின் வில்லையில் தூசு படிந்திருத்தல் கூடும். மடிக்கணினியின் தட்டத்தை வெளியே இழுத்தால் அச்சிறு வில்லை கண்ணுக்குத் தெரியும். மின்னை நிறுத்திவிட்டு, இறப்பர்க் குமிழால் காற்றூதித் தூசை அகற்றலாம். வாயால் ஊதுதல் ஆகாது. எச்சில் ஈரம் வில்லையில் படியும்.

தட்டைத் துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால், நடுத் துளையிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தல் வேண்டும். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல், சுருள்வழியோடு சேர்ந்தே நீண்டு, தொடர்ச்சியான செய்தியைக் கெடுத்துவிடும். குறுக்கே விழும் கீறலோ ஒவ்வொரு சுற்றிலும் சிறு துணுக்கையே மறைக்கும். அதனைக் கருவி திருத்திக்கொள்ளும்.

துடைத்த பின்னரும் தட்டுத் தயங்கினால், அதை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளல் நலம். வீட்டில் பதிவு செய்த தட்டுகளில் செய்தியைத் தாங்குவது ஒரு சாயப் படலமாகும். வெயிலாலும் வெப்பத்தாலும் அது நாளடைவில் கெடும். இன்று மெதுவாக வாசிக்கப்படும் தட்டு நாளை வாசிக்கப்படாமலே போகலாம். எனவே, அது வாசிக்கப்படும்பொழுதே முழுவதையும் கணினியின் வன்தட்டிற்குப் பிரதி செய்தல் வேண்டும். அதன்பின் வன்தட்டிலிருந்து பார்த்தால் தாமதமும் இராது, மூலத்தட்டும் தேயாது.

பிரதி எடுப்பதன் அருமையை மாத்தளை மண்ணே எடுத்துக்காட்டும். நகருக்கு வடக்கே அண்மையிலுள்ள அலுவிகாரையில், கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், அதுகாறும் வாய்மொழியாக வழங்கிய பௌத்த மறைநூல் ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபொழுது அவ்விகாரையின் ஏடுகள் அழிந்தன. ஆயினும் நூல் அழியவில்லை. தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட பிரதிகள் வேறிடங்களில் இருந்தமையே அதற்குக் காரணம்.

அலுமாரியிலுள்ள தட்டுகளுக்கும் இந்நெறியே பொருந்தும். ஒரு பிரதி தம் வீட்டிலும், மற்றொன்று உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். பாட்டனாரின் குரல் பேரப்பிள்ளைகளின் செவிக்கும் எட்டும்.