வேகமும் உடலின் தாங்குதிறனும்

உலகில் 5 முதல் 29 வயது வரை உள்ளோரை அதிகம் பலிவாங்குவது சாலை விபத்துதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கின்றனர். பாதிக்கும் மேற்பட்டோர் நடந்தோ, சைக்கிளிலோ, இருசக்கர வாகனத்திலோ சென்றவர்கள். இந்தியாவில் 2022இல் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 44 சதவீதத்துக்கும் மேலானோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

வேகம்

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மனித எலும்புக்கும் மூளைக்கும் தாங்குதிறன் கூடுவதில்லை. ஆபத்தைக் கண்ட ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதற்குள் 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 14 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடிப்பதே அதற்குப் பிறகுதான். பள்ளி, சந்தை, பேருந்து நிறுத்தம் உள்ள தெருக்களில் 30 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று வல்லுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நடந்து செல்வோர்

நடைபாதையில் கடையும் டிரான்ஸ்ஃபார்மரும் நிறுத்திய வண்டிகளும் இடம்பிடித்துவிட்டால், முதியவரும் பள்ளிப் பிள்ளையும் சாலையில் இறங்கித்தான் நடந்தாக வேண்டும். அவர்களுக்கு அறிவுரை சொல்வதைவிட நடைபாதையை மீட்டுத் தருவதே முதல் தேவை. இரவில் வெளிர் நிற உடை ஓரளவு உதவும். தெருவிளக்குக்கு அது ஈடாகாது.

ஹெல்மெட்டும் சேலைத் தலைப்பும்

ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்குதான் தலையைக் காக்கிறது. தலை தரையில் மோதும்போது அது நசுங்கி, மூளைக்குப் போகும் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். தாடைப் பட்டையை மாட்டாத ஹெல்மெட் விழும்போதே கழன்றுவிடும். ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற ஹெல்மெட்டே பாதுகாப்பு. நான்கு வயதைக் கடந்த பிள்ளைக்கும் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயம். பெற்றோர் தலையில் ஹெல்மெட் இருக்க, நடுவில் உட்காரும் பிள்ளை வெறுந்தலையோடு போவது இன்றும் அன்றாடக் காட்சி. பின்னால் அமரும் பெண்களின் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை நெரித்த விபத்துகள் உண்டு. இடுப்பில் செருகிக்கொள்வதும் சேலை கார்டைக் கழற்றாமல் வைப்பதும் அவசியம்.

காரில் செல்வோர்

பின் இருக்கையில் பெல்ட் போடாதவர் மோதலின்போது முன்னால் இருப்பவர் மீது எறியப்படுவார். ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணையே தவிர மாற்று அல்ல.

அடிபட்ட பிறகு

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை அரசு செலவிலேயே பெறலாம். நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்கு வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயர் சொல்லும்படியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

முதலில் 108ஐ அழைக்க வேண்டும். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தண்ணீர் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கலாம். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்பதால், நெருப்பு போன்ற உடனடி ஆபத்து இல்லாதபோது அடிபட்டவரைத் தூக்கி ஆட்டோவில் திணிக்காமல், தலையும் கழுத்தும் அசையாதபடி பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை உடனிருக்க வேண்டும்.